அடுக்களையும் ஆராய்ச்சிக் கூடமும்: ஆட்டிசத்துக்கு மருந்து தேடிய வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கோயில், கல்வெட்டு, காப்பியம் ஆகியவற்றின் வரலாற்றையே நாம் எழுதி வந்திருக்கிறோம். இவ்வாண்டு வேறொரு வரலாற்றை எழுதத் துணிந்தோம். அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் கூறிவிடுவது முறை.

நம் காலனியில் ஒரு குடும்பத்துச் சிறுவனுக்கு ஆட்டிசம் இருப்பதாக மருத்துவர் கூறிய செய்தி, ஒரே வாரத்தில் எல்லா வீடுகளுக்கும் எட்டிவிட்டது. உறவினர் அருகில் இல்லாத அயலூரில் அண்டை வீட்டாரே உறவினர் அல்லரோ! ஆகவே ஆளுக்கோர் அறிவுரை கூறினோம். ஒருவர் லேகியம் கொணர்ந்தார். மற்றொருவர் ஊரிலிருந்து எண்ணெய் வரவழைத்தார். நம் பங்குக்கு நாமும் ஒரு பத்திரிகைத் துணுக்கை வெட்டிக் கொடுத்தோம். பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் இக்குழந்தைகள் தெளிவு பெறுவர் என்பது அதன் சாரம்.

அச்சிறுவன் விரும்பி உண்டவை தயிர்ச் சோறும் சப்பாத்தியும் மட்டுமே. இரண்டும் நின்றன. மாதங்கள் சென்றன. பிள்ளை மெலிந்தான், தலையைச் சுவரில் மோதிக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. பின்னர் நிதானமான ஒரு மருத்துவர் அவன் வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தையாகிச் சீழ் பிடித்திருந்தன. வலியைச் சொல்லச் சொல் இல்லாத பிள்ளை தலையால் சொல்லியிருக்கிறான். பற்களுக்குச் சிகிச்சை நடந்தது. மோதல் பெரிதும் குறைந்தது.

சென்ற ஆண்டு விழாவுக்கு அக்குடும்பம் வந்திருந்தது. ஒலிபெருக்கியின் ஓசை பொறாமல் பிள்ளை காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். அப்பொழுதும் இருவர் அருகில் சென்று புதிய மருந்து ஒன்றின் பெயரைக் கூறினர். வாயிலில் நின்ற நம்மைப் பார்த்து அவன் தாய், "அண்ணா, எல்லோரும் மருந்து சொல்கிறீர்கள். இவன் சத்தமில்லாமல் சிறிது நேரம் உட்கார ஓர் இடம் சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுச் சென்றார். அச்சொல் நம் நெஞ்சைச் சுட்டது. நாம் கொடுத்த துணுக்கு எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு மெய், எவ்வளவு பிழை என்று அறிய விழைந்தோம். பெற்றோரின் இசைவுடன், பெயர் கூறாமல் இதை எழுதுகின்றோம்.

பெயர் வந்த கதை

'ஆட்டோஸ்' என்பது 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல். அதிலிருந்து 'ஆட்டிசம்' என்னும் சொல்லை ஸ்விட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் ஏறத்தாழ 1911ஆம் ஆண்டில் உருவாக்கினார். அவர் குறித்தது வேறொரு மனநோயின் அறிகுறியை. தமிழில் இதற்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. அவற்றுள் சில, புறவுலகைப் பற்றிய சிந்தனையே இவர்களுக்கு இல்லை என்று பொருள் தருவதால் நாம் வழக்கிலுள்ள ஆட்டிசம் என்னும் சொல்லையே கொள்கிறோம்.

மாஸ்கோ நகரில் க்ரூன்யா சுகரேவா என்னும் அம்மையார் 1925ஆம் ஆண்டிலேயே ஆறு சிறுவர்களைப் பற்றி நுட்பமாக எழுதினார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1943ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த லியோ கேனர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இத்துறையின் தோற்றுவாய் ஆயிற்று. எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர். மக்களோடு கலவாத தனிமை, எல்லாம் மாறாமல் இருக்கவேண்டும் என்னும் பிடிவாதம், சொன்னதையே திருப்பிச் சொல்லும் பேச்சு ஆகியவற்றை அவர் பதிவு செய்தார். அவர்களிற் பலருக்கு உண்பதிலும் தொல்லை இருந்ததை அவர் குறித்திருக்கிறார். ஆகவே உணவு பற்றிய கவலை இவ்வரலாற்றின் முதற்பக்கத்திலேயே தொடங்கிவிட்டது.

தாய்மேல் விழுந்த பழி

இந்நிலை பிறவியிலேயே அமைவது என்று கேனர் அக்கட்டுரையின் இறுதியில் எழுதினார். ஆயினும் அப்பெற்றோரிடம் நெஞ்சக் கனிவு குறைவு என்ற ஒரு கருத்தையும் சேர்த்தே எழுதினார். பின்வந்தோர் முன்னதை மறந்து பின்னதைப் பற்றிக்கொண்டனர். தாய் அன்பு காட்டாததால் பிள்ளை உள்ளே சுருங்கிவிட்டது என்ற கொள்கை பரவியது. சிகாகோ நகரின் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. குளிர்சாதனப் பெட்டி போன்ற தாய் என்று பெண்களைப் பழித்த காலம் அது.

பிள்ளைக்காக இரவெல்லாம் விழித்திருந்த தாயிடமே "குற்றம் உன்னுடையது" என்று கூறினால் அவள் எங்குச் செல்வாள்? மருத்துவர் கதவை அடைத்தபோது அவள் அடுக்களைக்குத் திரும்பினாள். அங்கே அவள் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. உணவுமுறைகளும் வைட்டமின்களும் பெற்றோரிடையே ஏன் இவ்வளவு விரைவாகப் பரவின என்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது நம் கருத்து. 1969ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் கூடிய பெற்றோர் மாநாட்டில் கேனர் பெற்றோர்மீது குற்றம் இல்லை என்று வெளிப்படையாகக் கூறினார். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை கண்ணீர் விட்டிருந்தது.

நார்வே நாட்டுத் தாய்

அடுக்களையில் மருந்து தேடியது வெறும் மூடநம்பிக்கை அன்று. அதற்கு மெய்யான ஒரு முன்மாதிரி உண்டு. அக்கதையை நாம் சற்று விரித்தே கூறவேண்டும்.

நார்வே நாட்டில் போர்க்னி எகலான்ட் என்னும் தாய்க்கு இரண்டு பிள்ளைகள். இருவரும் பிறக்கும்போது நன்றாயிருந்து, பின்னர் அறிவு வளர்ச்சி குன்றினர். பிள்ளைகளின் மேனியிலும் சிறுநீரிலும் வழக்கத்துக்கு மாறான ஒரு நெடி இருப்பதை அத்தாய் கவனித்தாள். மருத்துவர் பலரிடம் கூறினாள், எவரும் பொருட்படுத்தவில்லை. 1934ஆம் ஆண்டில், வேதியியலும் மருத்துவமும் கற்ற அஸ்பியோர்ன் பெல்லிங் என்னும் அறிஞர் அவள் சொல்லுக்குச் செவி சாய்த்தார். சிறுநீரில் பெரிக் குளோரைடு விட்டபோது அது பச்சை நிறம் கொண்டது. எவரும் கண்டிராத நிறம் அது. பினைல்அலனின் என்னும் புரதக் கூற்றை உடல் பக்குவப்படுத்த இயலாமையே நோயின் காரணம் என்பது படிப்படியாகப் புலனாயிற்று. காப்பகங்களில் இருந்த 430 பேரின் சிறுநீரை அவர் சோதித்தார். மேலும் எட்டுப் பேரிடம் அதே நோய் இருந்தது. பினைல்கீட்டோனூரியா என்பது அதன் பெயர்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. இங்கிலாந்து நாட்டுப் பர்மிங்காம் நகரில் ஹார்ஸ்ட் பிக்கல் என்னும் மருத்துவரிடம் இந்நோய் கொண்ட ஒரு சிறுமியை அவள் தாய் அழைத்து வந்தாள். மருந்து இல்லை என்று கூறிய பின்னும் அத்தாய் விடவில்லை. நாள்தோறும் வந்து நின்று கேட்டாள். இறுதியில் பிக்கலும் தோழர்களும் பினைல்அலனின் மிகக் குறைந்த உணவு ஒன்றைத் தயாரித்தனர். சிறுமி தவழத் தொடங்கினாள், நிற்கத் தொடங்கினாள், தலையை மோதிக்கொள்வதை நிறுத்தினாள்.

இங்கேதான் பிக்கல் செய்த ஒரு செயலை நாம் ஊன்றி நோக்க வேண்டும். முன்னேற்றம் உணவால் வந்ததா, தாயின் நம்பிக்கை அவ்வாறு காட்டியதா என்று அவர் தம்மைத் தாமே ஐயுற்றார். தாய்க்குத் தெரியாமல் அவ்வுணவில் மீண்டும் பினைல்அலனினைக் கலந்தார். ஒன்றும் அறியாத தாய், பிள்ளையின் நிலை சீர்கெட்டுவிட்டது என்று பதறி வந்தாள். ஐயம் தீர்ந்தது. தாய்க்கு மறைத்துச் செய்த அச்செயலை இன்றைய அறநெறி ஏற்காது. அதன்பின் தாயின் இசைவோடு மருத்துவமனையில் வெளிப்படையாக அச்சோதனையைத் திரும்பச் செய்தனர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டே இந்நோயைக் கண்டறியும் வழியைத் தந்தார். இன்று உரிய காலத்தில் உணவு மாற்றப்பெறும் பிள்ளைகள் மற்றவரைப் போலவே கற்று வளர்கின்றனர்.

இந்நோய் கொண்ட பிள்ளைகள் சிலர் சிகிச்சை இன்மையால் ஆட்டிசத்தின் இயல்புகளையும் காட்டினர். ஆகவே ஆட்டிசத்துக்கும் இவ்வாறு ஓர் உணவு இருக்கலாகாதா என்று பெற்றோர் எண்ணியது இயல்பே. கேள்வி நியாயமானது, விடை வேறாக அமைந்தது.

கடிதங்கள் சொன்ன வைட்டமின்

பெர்னார்ட் ரிம்லண்ட் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய உளநூல் அறிஞர். 1956இல் பிறந்த அவர் மகன் ஓயாமல் அழுதான். எடுத்தவர் கையில் அடங்கவில்லை. உளநூலில் பட்டம் பெற்ற அவரே அதுவரை ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதில்லை. தாம் கல்லூரியில் படித்த பாடநூல் ஒன்றில் இத்தகைய பிள்ளையைப் பற்றிப் படித்ததை அவர் மனைவிதான் நினைவு கூர்ந்தார். ஆண்டுக்கணக்கில் படித்து, 1964ஆம் ஆண்டில் ரிம்லண்ட் வெளியிட்ட நூல், தாயைப் பழித்த கொள்கையை வேரோடு சாய்த்தது. ஆட்டிசம் மூளையின் இயல்பு சார்ந்தது என்று அவர் நிறுவ முயன்றார். கேனரே அதற்கு முன்னுரை வழங்கினார். 1965இல் பெற்றோர் கழகம் ஒன்று தோன்றவும் அவர் காரணராக இருந்தார்.

அந்நூலின் இறுதியில் பெற்றோர் நிரப்புவதற்கு ஒரு வினாத்தாள் இருந்தது. அதை நிரப்பி அனுப்பிய பெற்றோர் பலர் கடிதமும் எழுதினர். இன்ன வைட்டமின் கொடுத்தோம், பிள்ளை கண்ணைப் பார்க்கிறான் என்று சிலர் எழுதினர். தொடர்பற்ற ஊர்களிலிருந்து ஒரே செய்தி வருவது கண்டு ரிம்லண்ட் வியந்தார். மூலக்கூறுகளின் அளவைச் சரிசெய்து மனநோயைத் தீர்க்கலாம் என்று லைனஸ் பாலிங் 1968இல் எழுதியதும் அவருக்கு ஊக்கம் அளித்தது. பி-6 வைட்டமினை மிகுந்த அளவில், மக்னீசியத்துடன் கொடுக்கும் முறை இவ்வாறு பரவியது. 1978இல் அவரும் தோழர்களும் பதினாறு பிள்ளைகளிடம் நடத்திய சோதனை நன்மை இருப்பதாகக் காட்டியது.

ஆனால் பின்னர் நடந்த சோதனைகள் சிலவே, அவையும் சிறியவை, முடிவுகளும் ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும் தொகுத்து ஆராய்ந்தோர் இதைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றனர். வைட்டமின்தானே, தீங்கு என்ன என்று எண்ணுவோர் 1983ஆம் ஆண்டு அறிக்கையை நினைவிற் கொள்ளவேண்டும். பி-6 வைட்டமினை அளவு மீறி நெடுநாள் உண்ட சிலருக்கு நரம்பு கெட்டு, கை கால்கள் மரத்து, நடையே தள்ளாடியது. 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் நம் பழமொழியை நரம்பியல் மருத்துவர்கள் மெய்ப்பித்தனர்.

கோதுமையும் பாலும்

நாம் கொடுத்த துணுக்கின் மூலத்துக்கு இப்பொழுது வருகிறோம். 1979ஆம் ஆண்டில் யாக் பாங்செப் என்னும் அறிஞர், மூளையில் சுரக்கும் அபினி போன்ற பொருள்களின் மிகுதியே ஆட்டிசத்தில் காணப்படும் ஒதுக்கத்துக்குக் காரணமாகலாம் என்று ஊகித்தார். நார்வே நாட்டின் கார்ல் ரைஷெல்ட், கோதுமையின் குளூட்டனும் பாலின் கேசீனும் முற்றும் செரிக்காமல் அத்தகைய பொருள்களாகி, குடலின் வழியே கசிந்து மூளையை அடைகின்றன என்றார். கேட்பதற்குப் பொருத்தமான கொள்கை. ஆனால் 2008இல் இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் நுண்ணிய கருவிகளைக் கொண்டு 65 சிறுவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது அப்பொருள்கள் காணப்படவில்லை.

உணவின் பயனையும் நேரே சோதித்தனர். 2002இல் நார்வேயில் இருபது பிள்ளைகளிடம் நடந்த சோதனை நன்மை காட்டியது. ஆனால் அங்கே எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு என்பதைப் பெற்றோர் அறிந்திருந்தனர். அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரில் நடந்து 2016இல் வெளியான சோதனையே பிக்கலின் வழியைப் பின்பற்றியது. பதினான்கு பிள்ளைகளுக்குப் பால், கோதுமை இரண்டும் இல்லாத உணவைச் சில வாரம் கொடுத்தனர். பின்னர், இரண்டில் ஒன்றோ, இரண்டுமோ, ஒன்றுமில்லாமலோ சேர்த்த சிற்றுண்டிகளை, எது எது என்று பெற்றோரும் ஆசிரியரும் அறியாதபடி கொடுத்தனர். நடத்தையிலோ உறக்கத்திலோ மலம் கழிப்பதிலோ வேறுபாடு தோன்றவில்லை.

பர்மிங்காம் தாய் ஒன்றும் அறியாமலே வேறுபாட்டைக் கண்டாள். ராச்செஸ்டர் பெற்றோர் காணவில்லை. இரு கதைகளின் உயிர்நாடி இதுவே. சோதனைக்கு உட்பட்ட பிள்ளைகள் சிலரே என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அற்புதப் பயன் என்று ஊர்தோறும் பேசப்பட்டது உண்மையாயின், அது அப்பதினால்வரிடம் முற்றும் மறைந்திராது. கோதுமை உண்மையாகவே ஒவ்வாத சீலியாக் நோய் வேறு. பால் ஒவ்வாமை வேறு. அவை உள்ள பிள்ளைக்கு, ஆட்டிசம் இருப்பினும் இல்லாவிடினும், அவ்வுணவை நீக்கத்தான் வேண்டும்.

காரணமின்றி நீக்கினால் வரும் இழப்பும் சிறிதன்று. ஆட்டிசம் உடைய சிறுவர்களின் எலும்புகள் மற்றவரினும் மெல்லியனவாக இருந்ததையும், பால் நீக்கிய உணவினரிடம் அது மிகுந்திருந்ததையும் 2008ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஒன்று காட்டியது. சில பண்டங்களையே உண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, மாலுமிகளை முன்னர் வாட்டிய ஸ்கர்வி நோய் வந்த செய்திகளும் மருத்துவ ஏடுகளில் உண்டு.

புதிய மருத்துவ இயக்கம்

1991இல் அமெரிக்க நாட்டில் ஜெப்ரி பிளாண்ட் என்பார் 'ஃபங்க்ஷனல் மெடிசின்' என்னும் முறைக்கு ஒரு நிறுவனம் தொடங்கினார். நோயின் பெயரைவிட, இவ்வொரு நோயாளியின் குடல், உணவு, உறக்கம், எதிர்ப்பாற்றல் ஆகியவை எவ்வாறு இயங்குகின்றன என்று பார்த்து வேரைத் தேடவேண்டும் என்பது அதன் கொள்கை. 1995இல் ரிம்லண்டும் மருத்துவர் சிட்னி பேக்கரும் வேதியியலார் ஜான் பாங்போர்னும் டல்லாஸ் நகரில் ஒரு கூட்டம் கூட்டினர். 'ஆட்டிசத்தை இப்போதே வெல்வோம்' என்னும் பொருள் கொண்ட இயக்கம் அங்கே பிறந்தது. 2011இல் அப்பெயர் கைவிடப்படும்வரை அது உலகெங்கும் பரவியிருந்தது.

இவர்களின் நன்மையை மறுப்பது நேர்மையன்று. பெற்றோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டனர். வயிற்று வலி, மலச்சிக்கல், உறக்கமின்மை ஆகியவற்றை, "ஆட்டிசம் அப்படித்தான்" என்று பிறர் ஒதுக்கியபோது இவர்கள் ஒதுக்கவில்லை. இவர்களின் குறையையும் கூறவேண்டும். சோதனை முடியுமுன் சிகிச்சை தொடங்கிற்று. ஒரே பிள்ளைக்கு ஒரே காலத்தில் பத்து மருந்தும் மூன்று பத்தியமும் கொடுத்தால், எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று எவர் கூற இயலும்?

உப்பு நீர் தந்த பாடம்

1996ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறுவன் ஒருவனுக்குக் குடற் சோதனைக்காகச் செக்ரெடின் என்னும் சுரப்புநீரை ஊசி வழியே செலுத்தினர். பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்பட்ட பொருள் அது. சில நாளில் பிள்ளை பேசத் தொடங்கியதாகப் பெற்றோர் கூறினர். 1998இல் தொலைக்காட்சியில் இச்செய்தி வந்ததும் மருந்துக் கடைகளில் செக்ரெடின் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அதைச் செலுத்தினர்.

1999 டிசம்பரில் சோதனை முடிவு வெளியாயிற்று. அறுபது பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செக்ரெடினும் மற்றவருக்கு வெறும் உப்பு நீரும் செலுத்தினர். இரு பிரிவினரும் முன்னேறினர்! உப்பு நீர் பெற்ற பிள்ளைகளின் பெற்றோரும் மாற்றத்தைக் கண்டனர். அவர்கள் பொய்யர் அல்லர். பிள்ளைகள் நாளும் வளர்கின்றனர். துன்பம் உச்சத்தில் இருக்கும்போதே நாம் புதிய மருந்தை நாடுகிறோம், உச்சத்துக்குப் பின் இறக்கம் தானே வரும். ஆவலோடு நோக்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தோன்றும். பயனில்லை என்று கூறிய பின்னரும் அப்பெற்றோருள் நூற்றுக்கு 69 பேர் செக்ரெடினில் நாட்டம் இருப்பதாகவே கூறினர். இதைப் படித்தபோது நமக்கு நகைப்பு வரவில்லை. நம்பிக்கையை விடுவது அத்துணை எளிதன்று.

நம்பிக்கை தீங்கான இடம்

1998இல் லண்டனில் ஆண்ட்ரூ வேக்பீல்ட் என்பார் பன்னிரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசியையும் குடலையும் ஆட்டிசத்தையும் முடிச்சிட்டது. 2010இல் அக்கட்டுரையை வெளியிட்ட ஏடே அதைத் திரும்பப் பெற்றது. அவர் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க் நாட்டில் 6,57,461 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆராய்ச்சி, அத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்று உறுதி செய்தது.

தடுப்பூசியில் இருந்த பாதரசச் சேர்மமே காரணம் என்று வேறு சிலர் கூறினர். உடலிலிருந்து உலோகத்தை இழுத்து வெளியேற்றும் 'கீலேஷன்' முறையை அவர்கள் கையாண்டனர். ஈய நஞ்சு ஏறியவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. நஞ்சு ஏறாத உடலிலோ அது சுண்ணச் சத்தையும் இழுத்துவிடக்கூடும். 2005 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அச்சிகிச்சையின்போதே உயிர் துறந்தான். இவ்வரலாற்றில் நாம் தலைகுனிந்து நிற்க வேண்டிய இடம் அது.

நம் நாட்டு மருந்தாயின் அச்சமில்லை என்று எண்ணுவோரும் எச்சரிக்கையாய் இருத்தல் நலம். 2004இல் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற, தென் ஆசியாவில் செய்யப்பட்ட எழுபது ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது பதினான்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தது. நம் முன்னோர் வைத்தியத்தை நாம் இகழவில்லை. ஆனால் ஈயம் வளரும் மூளையைக் கெடுக்கும் என்பதில் இருவேறு கருத்தில்லை. செய்தவர் யார், சேர்ந்தது என்ன என்று தெரியாத பொடியைப் பிள்ளையின் நாவில் வைத்தல் ஆகாது.

எஞ்சி நிற்பவை

இவ்வளவும் கழிந்தபின் எஞ்சுவது என்ன? சில உண்மைகள் உறுதியாய் நிற்கின்றன.

ஆட்டிசம் உடைய பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொல்லை மற்றவரினும் மிகுதி. 2010இல் கூடிய வல்லுநர் குழு, அத்தொல்லையை மற்றப் பிள்ளைகளுக்குப் போலவே முறையாக ஆராய்ந்து தீர்க்கவேண்டும் என்றும், திடீரென நடத்தை மாறினால் வலியை ஐயுறவேண்டும் என்றும் கூறியது. நம் காலனிச் சிறுவனின் பற்களை நினைவு கூர்க. உறக்கம் வராத பிள்ளைக்கு முதலில் ஒழுங்கான படுக்கை நேரமும், அது போதாதபோது மருத்துவர் மேற்பார்வையில் மெலடோனினும் பயன் தருகின்றன. இரும்புச் சத்தோ வைட்டமின் டி சத்தோ குறைவென்று சோதனையில் தெரிந்தால் அதை நிரப்பவேண்டும். அது ஆட்டிசத்துக்கு மருந்தன்று. பிள்ளையின் உடலுக்குச் செய்யும் கடமை. ப்ரக்கோலி முளையின் சாறு, ஃபோலினிக் அமிலம் போன்றவை இன்னும் சோதனைக் களத்தில் உள்ளன.

குடலில் வாழும் நுண்ணுயிர்களே காரணம் என்ற பேச்சு இப்போது மிகுதி. 2021இல் ஆஸ்திரேலிய நாட்டில் 247 பிள்ளைகளிடம் செய்த ஆராய்ச்சி அதைத் திருப்பிப் போட்டது. பிள்ளை உண்ணும் பண்டங்கள் சிலவே ஆனதால் நுண்ணுயிர்களின் வகையும் குறைகிறது என்பதே அதன் முடிவு. ஆகவே இருக்கும் உணவைப் பறிப்பதைவிட, ஒவ்வொன்றாக, வற்புறுத்தாமல், புதிய உணவைச் சேர்ப்பதே நல்ல வழியாகும்.

மற்றொன்றும் உண்டு. 1993இல் ஜிம் சின்க்ளேர் என்னும் ஆட்டிசம் உடைய ஒருவரே எழுந்து, எங்களை எண்ணித் துக்கம் கொண்டாடாதீர் என்று பெற்றோருக்குக் கூறினார். அதுவரை மருத்துவரும் பெற்றோரும் மட்டுமே பேசிய அவையில் உரியவரின் குரல் ஒலித்தது. ஆட்டிசம் பிள்ளையின்மேல் படிந்த கறையன்று. அவன் உலகை உணரும் முறை அது. கறையைக் கழுவுவதுபோல் அவனைக் கழுவ முயல்வது அவனையே வருத்துவதாகும்.

பாரஸ்ட் ஊரார்

கேனர் எழுதிய பதினொருவருள் முதல்வன் டொனால்ட் டிரிப்லட். மிசிசிப்பி மாநிலத்துப் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933இல் பிறந்தவன். சிறு வயதில் காப்பகத்தில் விடப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டில் பெற்றோரால் மீட்கப்பட்டான். பின்னர் ஊர்ப்புறத்தில் ஓர் உழவர் குடும்பத்தோடு சில ஆண்டு வாழ்ந்தான். எண்ணுவதில் அவனுக்கிருந்த அடங்கா ஆர்வத்தை அவர்கள் தடுக்கவில்லை, அதையே வேலையாக்கினர். சோளக்கொல்லையில் வரிசைகளை எண்ணிக்கொண்டே அவன் ஏர் உழுதான். பின்னர் பட்டம் பெற்றார், ஊர் வங்கியில் பல்லாண்டு பணி செய்தார், கார் ஓட்டினார், கோல்ப் ஆடினார், தனியே பல நாடுகளுக்குச் சென்று வந்தார். 2023ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

அவர் குடும்பம் செல்வக் குடும்பம் என்பதை மறக்கலாகாது. எல்லோருக்கும் அத்தகைய வாழ்வு அமையும் என்றும் கூற இயலாது. வாழ்நாள் முழுதும் துணை வேண்டுவோர் பலர். ஆயினும் அவ்வூரார் அவரை உள்ளவாறே ஏற்றனர். அவர் வினோதங்களைப் பழகிக்கொண்டனர். வெளியிலிருந்து வந்து அவருக்குத் தொல்லை தர முயன்றோரை எச்சரிக்கவும் செய்தனர். எம்மருந்தும் செய்யாத நன்மையை ஓர் ஊர் செய்தது.

நாம் செய்யக் கூடியது

நம் நாட்டிலும் வழி பிறந்துள்ளது. 1991இல் டெல்லியில் ஒரு தாயின் முயற்சியால் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' தோன்றியது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி ஏற்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இயங்குகிறது. விடுமுறைக்கு ஊர் செல்வோர் அதை அறிந்து வைத்தல் நலம்.

எந்தச் சிகிச்சையைக் கேள்வியுற்றாலும் பெற்றோர் கேட்கவேண்டியவை சில. மருந்து எது என்று அறியாத கண்கள் பயனைக் கண்டனவா? தீங்கு என்ன? ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுகிறோமா? எத்தனை வாரத்தில் நிறுத்துவது என்று முன்னரே முடிவு செய்தோமா? அதற்குச் செலவிடும் பொருள், பேச்சுப் பயிற்சிக்கும் கல்விக்கும் வேண்டிய பொருளைத் தின்றுவிடுமா? இவை பெற்றோருக்கு. நம்மைப் போன்ற அண்டை வீட்டாருக்கு ஒன்றே ஒன்று: கேளாமல் மருந்து சொல்லாதிருப்போம்.

இவ்வாண்டு விழாவில் மண்டபத்தின் பின்புறமுள்ள நூலக அறையைச் செயற்குழு ஒதுக்கியுள்ளது. அங்கே ஒலிபெருக்கி இராது, விளக்கு மங்கலாக இருக்கும், பாய் விரித்திருக்கும். பந்தியில் தயிர்ச் சோறு முதலிலேயே தனியே எடுத்து வைக்கப்படும். அக்குடும்பத்தை நேரில் சென்று அழைத்தோம். நாம் கொடுத்த துணுக்குக்காக வருத்தமும் தெரிவித்தோம். வருவதாகக் கூறியிருக்கின்றனர். அன்பர்கள் அச்சிறுவனைக் கண்டால் சிகிச்சை பற்றி வினவவேண்டா. அவனுக்கு இரயில் வண்டிகளின் எண்களும் நேரமும் மனப்பாடம். நம் ஊருக்குச் செல்லும் வண்டி எப்பொழுது என்று கேளுங்கள், அவன் சொல்வான்.